விழுந்தான் என்று ஒரு வார்த்தை



வேதத்தில் பெயர் சொல்லப்படாத ஒரு தாதி இருக்கிறாள். சவுலும் யோனத்தானும் யுத்தத்தில் மடிந்தார்கள் என்ற செய்தி யெஸ்ரயேலிலிருந்து வந்தபோது, யோனத்தானுடைய ஐந்து வயது மகன் அவள் பொறுப்பில் இருந்தான். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஓடிய அவசரத்தில் பிள்ளை விழுந்து, இரண்டு கால்களும் முடமாயின. மேவிபோசேத்தைக் குறித்து எத்தனையோ செய்திகளைக் கேட்டிருக்கிறோம். ராஜாவின் பந்தியில் அவன் உட்கார்ந்ததைக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். அந்தத் தாதிக்குப் பிற்பாடு என்ன ஆயிற்று என்று ஒரு பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. அவள் பிள்ளையை நேசியாதவள் அல்ல. நேசியாதவளாயிருந்தால் தனியே ஓடியிருப்பாள்.

நாம் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்கிற காப்பகங்களைப் பற்றியும், அங்கே அவர்களுக்கு நேரிடுகிற காயங்களைப் பற்றியும் எழுதவேண்டுமென்று நெடுநாளாய் எண்ணியிருந்தேன். அந்தத் தாதியின் நினைவோடு தொடங்குவதே சரியென்று பட்டது. காரணத்தைச் சொல்லுகிறேன்.

மும்பையில் சாக்கிநாக்காவை அடுத்த ஒரு குடியிருப்பில் நடந்தது இது. கணவர் லேத் பட்டறையில் வேலை செய்கிறார். மனைவி ஏற்றுமதித் துணி நிறுவனத்தில் நூல் வெட்டும் பிரிவில் இருக்கிறார். இருவரும் திருநெல்வேலிப் பக்கத்தவர்கள். ஒரு வயது எட்டு மாதமான மகனை, அதே சபையைச் சேர்ந்த ஒரு மூத்த சகோதரியிடம் விட்டுச் செல்வது வழக்கம். அவர் விதவை. பிள்ளைகளும் பெரியவர்களும் அவரைப் பெரியம்மா என்றே அழைப்பார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடியுள்ள ஒரே கோலி, மேலே பரண், பரணுக்கு ஏற ஓர் இரும்பு ஏணி, மூலையில் மோரி. அந்த அறையில் காலை ஒன்பது முதல் இரவு ஏழு வரை ஏழு பிள்ளைகள்.

அந்தப் பகுதியில் பிற்பகல் நான்கு மணிக்குத்தான் குழாயில் தண்ணீர் வரும். முக்கால் மணி நேரத்தில் நின்றுவிடும். மும்பையில் கோலியில் குடியிருந்தவர்களுக்கு அந்த நேரத்தின் ஓட்டத்தை விளக்கவேண்டியதில்லை. அன்றும் பெரியம்மா பள்ளிக்கூடம் விட்டு வந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தியிடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, குடங்களோடு கீழே இறங்கினார். இரண்டாம் குடம் நிறைவதற்குள் பையன் ஏணியில் நாலாம் படிவரை ஏறி விழுந்துவிட்டான். அவர் ஓடிவந்து எடுத்தார், அழுதான், தலையில் தேங்காய் எண்ணெய் தடவிப் பால் கொடுத்தார், சற்று விளையாடினான், பிறகு உறங்கினான். இரத்தம் வரவில்லை. முடிக்குள் இருந்த வீக்கம் வெளியே தெரியவில்லை.

இரவு ஏழு மணிக்குத் தாய் வந்து, “பிள்ளை எப்படியிருந்தான், பெரியம்மா?” என்று வழக்கம்போலக் கேட்டாள். “நன்றாயிருந்தான் மோளே, உறக்கம்தான் கொஞ்சம் அதிகம்” என்று பதில் வந்தது.

பத்து மணிக்கு வாந்தி. வாழைப்பழம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார்கள். நள்ளிரவில் மறுபடியும் வாந்தி. மூன்று மணிக்கு ஒரு பக்கத்துக் கையும் காலும் இழுக்கத் தொடங்கின. ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்கு ஓடினார்கள். பணியிலிருந்த இளம் மருத்துவர், பிள்ளை எங்கேயாவது விழுந்தானா என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் தாய், இல்லை என்றாள். அவள் அறிந்தவரைக்கும் அது உண்மை. ஆகவே காய்ச்சல் வலிப்பாயிருக்குமோ, மூளைக்காய்ச்சலாயிருக்குமோ என்று சோதனைகள் அந்தத் திசையில் போயின. விடிந்தபின் வந்த மூத்த மருத்துவர் தலையைக் கையால் தடவிப் பார்த்தபோதுதான் வீக்கம் அகப்பட்டது. ஸ்கேன் எடுத்தார்கள். மண்டையோட்டுக்கும் மூளையைச் சுற்றியுள்ள உறைக்கும் நடுவே இரத்தம் கட்டியிருந்தது. அன்று காலையே அறுவைச் சிகிச்சை நடந்தது.

பையன் பிழைத்தான். இன்று பால்வாடிக்குப் போகிறான். ஆனால் அந்தக் காலை வேளையில் வேறொன்றும் நடந்தது. பெற்றோர் “விழவில்லை” என்று சொல்ல, தலையில் அடி இருக்கக் கண்டால், மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் சொல்லியே தீரவேண்டும். பிள்ளை அறுவை அறைக்குள் இருக்கும்போது, தகப்பன் வெளியே காவலருக்குமுன் நின்று, தன் மகனைத் தான் அடிக்கவில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

நடந்ததைக் கேள்விப்பட்டவுடனே நம்மில் பலர் பெரியம்மாவைத் தீர்த்துப்போட்டோம். நானும் அப்படியே நினைத்தேன். சில வாரங்கள் கழித்து அவரிடம் போய் உட்கார்ந்தேன். நெடுநேரம் அவர் பேசவில்லை. பின்பு சொன்னார்: “போன வருஷம் ஒரு பிள்ளைக்கு உதட்டில் கீறல் பட்டது. அன்றைக்கு நானே வாசலில் நின்று தாயிடம் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை வரவில்லை. அவள் சொல்லி இன்னும் இரண்டு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். மூன்று பிள்ளைகளின் பணம் போனால் எனக்கு வாடகை இல்லை, அம்மா. அதற்குப் பிறகு வாயைத் திறக்கப் பயம்.”

அவர் செய்தது தவறு. அதைத் தவறல்ல என்று எழுத எனக்கு அதிகாரமில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு ஏழெட்டு மணி நேரம் கிடைத்திருக்கும். ஆனாலும் அந்த வார்த்தையை அவர் வாயில் அடைத்ததில் நமக்கும் பங்குண்டு. கீறலைச் சொன்னவரை விட்டு விலகி, சொல்லாதவரிடம் பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிறோம். “அங்கே ஒரு அடிகூடப் பட்டதில்லையாம்” என்று ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்கிறோம். நடக்கப் பழகுகிற ஏழு பிள்ளைகள் இருக்கிற இடத்தில் ஒரு வருஷம் முழுவதும் ஒரு அடிகூடப் படாது என்பது நடக்கக்கூடிய காரியமா? உங்கள் வீட்டில் ஒரே பிள்ளை, நீங்கள் பார்த்துக்கொண்டே இருக்கும்போது, வாரத்தில் எத்தனை முறை விழுகிறது?

ஆகையால் முதலாவது விழுதலைப் பற்றியே பேசுவோம். காப்பகங்களில் நேரிடுகிற காயங்களில் விழுவதே மிகுதி. பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை. முழங்கால், முன்னந்தாடைக்கால், முழங்கை, நெற்றி, மோவாய் ஆகிய எலும்பு மேடுகளில் உள்ள சிராய்ப்பும் நீலமும் ஓடுகிற பிள்ளைக்கு இயல்பு. காது, கழுத்து, வயிறு, முதுகு, தொடையின் உட்புறம், பிட்டம் ஆகிய இடங்களில் கன்றியிருந்தால் அதற்கு விளக்கம் கேட்கவேண்டும். இன்னும் தவழவோ பிடித்து நிற்கவோ தொடங்காத கைக்குழந்தையின் உடம்பில் எங்கே நீலம் இருந்தாலும் மருத்துவரிடம் காட்டவேண்டும். தானாக நகராத பிள்ளை தானாக இடித்துக்கொள்வதில்லை.

தலையில் அடி என்றால் கவனம் வேறு. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை மூன்று அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து விழுந்தால், அழுது ஓய்ந்து விளையாடினாலும் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. சில அடிகளில் பிள்ளை முதலில் சாதாரணமாகவே இருக்கும். உள்ளே இரத்தம் மெள்ளச் சேர்ந்து, மணிக்கணக்கான பின்புதான் அடையாளம் காட்டும். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் சரியாய் எழும்பாத உறக்கம், வலிப்பு, ஒரு கண்ணின் பாவை மற்றதைவிடப் பெரிதாயிருத்தல், காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் அல்லது இரத்தம் கசிதல், கைக்குழந்தையானால் உச்சிக்குழி புடைத்தல், எவ்வளவு தேற்றினாலும் நில்லாத அழுகை: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திராதேயுங்கள். தலையில் அடிபட்ட பிள்ளையை உறங்கவே விடக்கூடாது என்று நம்மவர்கள் சொல்லுவது சரியல்ல. உறங்கலாம், இடையிடையே எழுப்பினால் வழக்கம்போல் எழும்பவேண்டும், அவ்வளவுதான். ஆனால் இந்தக் கவனம் எல்லாவற்றுக்கும் முன்பு, பிள்ளை விழுந்தது பெற்றோருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

இனி அந்த அறைக்குள் போவோம். நான் பார்த்த வீட்டுக் காப்பகங்கள் பலவற்றில் சுவரெல்லாம் பூவும் பழமும் எழுத்துமாய்ப் படங்கள் ஒட்டியிருந்தன. தாய்மார் படங்களைப் பார்த்துத் திருப்தியடைகிறார்கள். நீங்கள் மோரியைப் பாருங்கள். தண்ணீர் ஒரு வேளைதான் வருகிற ஊரில், ஒவ்வொரு கோலியிலும் ட்ரம்மும் வாளியும் நிரம்பி நிற்கும். தவழ்ந்து எழும்பி நிற்கிற பருவத்தில் பிள்ளைக்குத் தலைபாரம் அதிகம். வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால், தன்னைத்தானே தூக்கி எடுக்கக் கைகளில் பலமில்லை. சில அங்குலத் தண்ணீர் போதும். சத்தமும் வராது, மூழ்குகிற பிள்ளை கூப்பிடாது. ஊரிலே கிணற்றுக்குப் பயந்து பழகிய நாம் இங்கே வாளிக்குப் பயப்படுவதில்லை. ட்ரம்முக்கு இறுக்கமான மூடி, வாளிகள் கவிழ்த்த நிலை, மோரிக்குக் குறுக்கே ஒரு பலகைத் தடுப்பு. இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு நாள் கூலிகூட இல்லை.

அடுத்தது ஏணி. வீடு கட்டுகிறவன் ஒருவரும் விழாதபடி மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டுமென்று உபாகமத்திலே கட்டளை இருக்கிறதை அறிவீர்கள். பரணுக்குப் போகிற இரும்பு ஏணிக்கும் அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. கழற்றி வைக்கக்கூடிய ஏணியானால் பகலில் கழற்றிவிடலாம். சுவரோடு பற்றவைத்ததானால் கீழ்ப்படிகளை ஒரு ப்ளைவுட் பலகையால் மறைத்துக் கட்டலாம். ஜன்னலுக்கும் பால்கனிக்கும் பக்கத்தில் கட்டிலோ ஸ்டூலோ பெட்டியோ கிடந்தால் அதுவும் ஏணியே. சுவரில் பிணைக்காத அலமாரியும் அதன்மேல் வைத்த டெலிவிஷனும் பிள்ளை பிடித்து ஏறினால் அதன்மேலேயே சாயும்.

சமையல் வேளை காப்பகத்தில் ஆபத்தான வேளை. ஒரே அறையில் ஸ்டவ் எரிகிறது, குக்கர் விசிலடிக்கிறது, பிள்ளைகள் நடுவே ஓடுகின்றன. 2004-ஆம் வருஷம் ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் வெந்து மாண்டதை நம்மில் யாரும் மறந்திருக்கமாட்டோம். பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கின அடுப்பங்கரையிலிருந்தே அந்தப் பள்ளியின் கூரைக்குத் தீ ஏறியது. பிள்ளைகள் வருமுன்னே காலையிலேயே சமைத்து முடித்துவிடுகிற காப்பாளரை நான் அறிவேன்; அவரைப்போன்றவர் கிடைத்தால் விடாதேயுங்கள். வெந்நீரோ பாலோ கொட்டிவிட்டால், குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிஷம் விடாமல் ஊற்றவேண்டும். குழாயில் வராத வேளையானால் ட்ரம்மிலிருந்து மக்கில் மொண்டு மொண்டு ஊற்றவேண்டும். பற்பசை, பேனா மை, மஞ்சள், முட்டை ஒன்றும் வேண்டாம். வீட்டுக்கு வீடு பற்பசையைத்தான் தேடுகிறார்கள். இந்தப் பழக்கத்தை எப்படித்தான் ஒழிப்பதோ!

தின்பண்டத்தைப் பற்றிச் சுருக்கமாய்ச் சொல்லுகிறேன். முழு நிலக்கடலை, வறுத்த சனா, முழுத் திராட்சை, கடின மிட்டாய் ஆகியவற்றை ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாது. பிறந்தநாளுக்கென்று தாய்மாரே டப்பாவில் கொடுத்தனுப்புகிறார்கள். மூச்சுக்குழாய் அடைத்து, இருமவும் அழவும் முடியாமற்போனால், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையின்மேல் தலை தாழக் கவிழ்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தட்டு. பிறகு மல்லாத்தி மார்பின் நடுவே ஐந்து அழுத்து. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையானால் முதுகில் ஐந்து தட்டு. பின்னாலிருந்து கட்டிப்பிடித்து மேல்வயிற்றை உள்ளும் மேலுமாய் ஐந்து அழுத்து. அடைப்பு வெளியே வருமட்டும் மாற்றி மாற்றிச் செய்யவேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போய்விடும். உங்கள் சபையில் ஒரு நர்ஸ் சகோதரி இல்லாமல் இருக்கமாட்டார். ஒரு பொம்மையை வைத்து அரை மணி நேரம் செய்து காட்டச் சொல்லுங்கள். எழுதிப் படிக்கிற காரியமல்ல இது.

உறக்கத்தைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. இந்த மும்பை பம்பாயாயிருந்த நாளில், பஞ்சாலைகளில் வேலை செய்த பெண்கள் பிள்ளைகளை யாரிடம் விட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? பலருக்கு அபின்தான் ஆயா. வேலைக்குப் போகுமுன் ஒரு சிறு உருண்டையைக் கொடுத்தால் பிள்ளை மாலைவரை உறங்கும். 1920-களின் தொடக்கத்தில் பார்ன்ஸ் என்னும் பெண் மருத்துவர் ஆலைத் தொழிலாளப் பெண்களிடையே விசாரித்து, நூற்றுக்கு 98 குழந்தைகளுக்கு அபின் கொடுக்கப்படுகிறதாக அரசுக்கு எழுதினார். இந்த நிலையை மாற்றவே சில ஆலைகளில் தொட்டில் அறைகள் வந்தன. பிற்பாடு 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், பெண்கள் ஐம்பதுக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் காப்பகம் வேண்டுமென்றது. 1976-இல் அந்த எண்ணிக்கை முப்பதாய்க் குறைந்தது.

அபின் போயிற்று. ஆனால் உறக்கம் வருவிக்கிற இருமல் மருந்தையும் சளி மருந்தையும் மத்தியான வேளையில் ஒரு ஸ்பூன் கொடுத்துப் படுக்கவைக்கிற வழக்கம் சில இடங்களில் இன்றும் உண்டு. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் நஞ்சு கலந்த இருமல் மருந்தைக் குடித்து இருபதுக்கும் அதிகமான பிள்ளைகள் மாண்டுபோயின. அந்த மருந்து நம்முடைய காஞ்சிபுரம் பக்கத்தில் தயாரானது. அதே அக்டோபரில், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இருமல் மருந்து எழுதவோ கொடுக்கவோ கூடாதென்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. நீங்கள் கையில் கொடுக்காத ஒரு சொட்டு மருந்தும் காப்பகத்தில் பிள்ளையின் வாய்க்குள் போகக்கூடாது. எப்போது அழைத்தாலும் மத்தியானத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஆழ்ந்து உறங்குகிறார்கள் என்றால், அது நல்ல காப்பகத்தின் அடையாளம் என்று நான் எண்ணமாட்டேன். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை மல்லாத்தியே படுக்கவைக்கவேண்டும், தலையணை வேண்டாம், பால்புட்டியை வாயில் முட்டுக்கொடுத்து விட்டுப்போகவும் கூடாது.

வசதியுள்ள சகோதரர் ஒருவர், “எங்கள் காப்பகத்தில் கேமரா இருக்கிறது, போனிலேயே பார்க்கலாம்” என்றார். இருக்கட்டும். 2016 நவம்பரில் நவி மும்பையின் கார்கரில் ஒரு காப்பகத்தில் பத்து மாதப் பெண்குழந்தையை ஆயா அடித்து உதைத்து வீசினது தேசமெங்கும் பேசப்பட்டது. அங்கேயும் கேமரா இருந்தது. குழந்தையின் காயங்களைக் கண்டு பெற்றோர் புகார் செய்த பின்பே பதிவை எடுத்துப் பார்த்தார்கள். கேமரா சாட்சி சொல்லும். கையைப் பிடித்துத் தடுக்காது. கைக்குழந்தை விடாமல் அழும்போது, பத்து மணி நேரம் தனியாய் நிற்கிற ஒருவருக்குள் எழும்புகிற எரிச்சலையும் நாம் அறிந்திருக்கவேண்டும். அந்த எரிச்சலில் குழந்தையைப் பிடித்துக் குலுக்கினாலே மூளையில் இரத்தம் கசியும். குழந்தையைப் பத்திரமாய்ப் படுக்கவைத்துவிட்டு, வாசலில் ஐந்து நிமிஷம் போய் நிற்பது பாவமல்ல என்று காப்பாளருக்குச் சொல்லுங்கள்.

வேண்டுமென்றே செய்கிற கொடுமை வேறு காரியம். 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, பிள்ளைகளைப் பராமரிக்கும் பொறுப்பேற்ற நிறுவனத்தில் பணிசெய்கிறவரே கொடுமை செய்தால் ஐந்து வருஷம் வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும் உண்டு. பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நடந்ததென்று அறிந்தால், 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது ஒவ்வொருவருக்கும் கடமை. மூப்பர்கள் கூடிச் சபைக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்கிற பேச்சுக்கு அங்கே இடமே இல்லை. 1098 என்ற எண்ணைப் பிள்ளைகள் கேட்கவும் உங்கள் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

பாதுகாப்பு என்பது கடைசியில் ஆள்கணக்குக்கு வந்து நிற்கிறது. பெரியம்மா ஏழு பிள்ளைகளைச் சேர்த்தது பேராசையால் அல்ல. ஒரு பிள்ளைக்கு மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுக்க நாம் மறுக்கிறோம். இரண்டு வயதுக்குட்பட்டவர்கள் நால்வருக்கு மேல் ஒருவர் தனியாய்ப் பார்க்க முடியாதென்பது பிள்ளை வளர்த்த எவருக்கும் தெரியும். நால்வர் கொடுக்கிற பணத்தில் அவர் பிழைக்கவேண்டுமானால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலைச் செலவைக் கணக்குப் பார்க்காத நாம் இதிலே நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம்.

வேலை செய்கிற இடத்திலும் கேளுங்கள். ஐம்பது பேர் வேலை செய்கிற நிறுவனம் காப்பக வசதி செய்யவேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்க அனுமதிக்கவேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் திருத்தம் வந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அது இருக்கிறது. தனியாய்க் கேட்டால் வேலை போய்விடுமென்று பயந்தால் பத்துப் பேராய்க் கேளுங்கள். கட்டட வேலை செய்கிறவர்களுக்காக மீரா மகாதேவன் என்ற அம்மையார் 1969-இல் டில்லியில் ஒரு கட்டட வளாகத்திலேயே தொடங்கின மொபைல் க்ரெச்சஸ், யாரோ கட்டளையிட்டு வந்ததல்ல. மண்ணிலும் சிமெண்டிலும் கிடந்த பிள்ளைகளை ஒருவர் கண்டு நின்றதால் வந்தது. அரசின் பால்னா திட்டத்தில் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் காப்பகங்கள் உண்டு. உங்கள் பகுதி அங்கன்வாடியில் விசாரிக்கலாம்.

இதை எழுதும்போது நம்முடைய ஆராதனைக் கூடங்களும் நினைவுக்கு வருகின்றன. வாடகைக்கு எடுத்த மூன்றாம் மாடிக் கூடம், உபவாச ஜெபம் நான்கு மணி நேரம், பிள்ளைகள் படிக்கட்டில். யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டால் எல்லாரும் பார்க்கிறோம் என்பார்கள். எல்லாரும் பார்க்கிற பிள்ளையை ஒருவரும் பார்ப்பதில்லை. போன மாதம் நான் போயிருந்த ஒரு கூடத்தில், ஒரு சகோதரி கழுத்தில் நீல நாடா கட்டிப் படிக்கட்டின் தலைப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அரை மணிக்கொருமுறை நாடா வேறொருவர் கழுத்துக்கு மாறியது. எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

பிள்ளையை அழைத்துவரப் போகும்போது, “நன்றாயிருந்தானா?” என்று கேட்காதேயுங்கள், அந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் உண்டு. “இன்றைக்கு எங்கே விழுந்தான்?” என்று கேளுங்கள். சொன்னால், முகம் மாறாமல் கேளுங்கள். அது கடினம், வேலை முடிந்து இரண்டு ரயில் மாறி வந்த களைப்பில் இன்னும் கடினம். கேட்டபின் “சொன்னீர்களே, நல்லது” என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதுகொள்ளலாம்.

பெரியம்மாவின் கதை முழுவதும் சரியாகிவிடவில்லை. அந்தக் குடும்பம் கல்யாணுக்கு வீடு மாறிப்போயிற்று. பொதுக்கூட்டங்களில் பார்த்தால் தாய் அவருக்கு ஸ்தோத்திரம் சொல்லுகிறாள், பக்கத்தில் உட்காருவதில்லை. “விழுந்ததற்காக எனக்கு மனத்தாங்கல் இல்லை, அக்கா, மூன்று தடவை டாக்டரிடம் என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டார்களே” என்று என்னிடம் சொன்னாள். அவளை அவசரப்படுத்த எனக்கு மனமில்லை.

பெரியம்மாவிடம் இப்போது நான்கு பிள்ளைகள். பணம் ஆளுக்கு மூவாயிரத்து ஐந்நூறு. ஏணியின் கீழ்ப்பாதி பலகையால் மூடியிருக்கிறது. நான்கு மணித் தண்ணீரைப் பிடிக்க பக்கத்துக் கோலி மராட்டிச் சகோதரிக்கு மாதம் முந்நூறு ரூபாய். பெரியம்மா அந்த நேரத்தில் அறையைவிட்டு வெளியே வருவதில்லை. கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது. அவருக்கு எழுத்து கொஞ்சம்தான் வரும். நான் போயிருந்த நாளில் அதிலே எழுதியிருந்தது: “செவ்வாய். காலை 11.20. சின்னவன் கதவில் நெற்றி இடித்தான். தண்ணீர்த் துணி வைத்தேன். அழுதான். சோறு தின்றான். தூங்கினான். எழுப்பினேன், எழும்பினான்.” அதற்குக் கீழே தாயின் கையெழுத்து.